மருத்துவமனை வேலையில் சேரும் முன் மருத்துவப் பரிசோதனை: முழுமையான வழிகாட்டி

"மெடிக்கல் முடித்துவிட்டு வந்து சேருங்கள்" என்று மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்ததும் பலருக்கும் ஒரே கவலைதான்: ஏதாவது நோய் இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்களோ? பணியாளர் உடல்நலப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். நோயைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்டவர்களை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். சேரும் தேதி தள்ளிப்போய்த் தவிக்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தடுப்பூசித் தாள் கையில் இருக்காது, அல்லது ஊசியையும் சோதனையையும் வரிசை மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த இரண்டையும் முன்கூட்டியே சரிசெய்துகொள்ள முடியும். அதனால் இந்த வழிகாட்டியில் அவற்றுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எதற்காகப் பார்க்கிறார்கள்

பரிசோதிப்பவர் மனதில் மூன்று கேள்விகள் இருக்கும். உங்களிடமிருந்து நோயாளிக்கு ஏதாவது தொற்றுமா? மருத்துவமனையிலிருந்து உங்களுக்கு ஏதாவது தொற்றுமா? இந்த வேலையை நீங்கள் உங்களுக்கும் பிறருக்கும் கெடுதல் இல்லாமல் செய்ய முடியுமா?

முதல் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு மேரி மேலன் என்ற சமையல்காரரின் வரலாறு ஒன்று போதும். அவர் உடம்பில் டைபாய்டு கிருமி இருந்தது, ஆனால் நோயின் அறிகுறி எதுவும் இல்லை. 1915-ல் நியூயார்க்கின் ஸ்லோன் பிரசவ மருத்துவமனைச் சமையலறையில் வேறு பெயரில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே 25 பேருக்கு டைபாய்டு வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். மருத்துவமனைச் சமையலறையில் வேலைக்குப் போகிறவரிடம் இன்றைக்கும் பல இடங்களில் மலப் பரிசோதனை கேட்பது இதனால்தான். கேட்டால் சங்கடப்பட வேண்டாம்.

சோதனைகள் வேலைக்கு வேலை மாறும். அறுவை அரங்கில் நிற்கப் போகிறவருக்கும் கணக்குப் பிரிவில் உட்காரப் போகிறவருக்கும் ஒரே பட்டியல் வராது. பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன பார்த்தார்கள் என்பதை வைத்துத் தயாராகாதீர்கள்.

படி 1: கடிதத்தைப் பொறுமையாகப் படியுங்கள், கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

பெரும்பாலான கடிதங்களில் "மருத்துவத் தகுதிக்கு உட்பட்டு" என்ற சொற்கள் இருக்கும். தகுதிச் சான்று வரும்வரை வேலை முழுதாக உறுதியாகவில்லை என்று அர்த்தம். எனவே இப்போது இருக்கும் வேலையை அதற்கு முன் விட்டுவிடாதீர்கள். விட்டே ஆக வேண்டும் என்றால், சான்று எந்தத் தேதிக்குள் கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். என்னென்ன சோதனைகள், எங்கே செய்ய வேண்டும், செலவு யாருடையது, வெறும் வயிற்றோடு வர வேண்டுமா, போதைப்பொருள் சோதனை உண்டா, எக்ஸ்ரே எடுத்து எத்தனை மாதம் வரை செல்லும், வெளி ஆய்வகத்தின் அறிக்கையை ஏற்பார்களா. கடைசி இரண்டையும் கேட்காமல் பணத்தைச் செலவழித்துவிட்டு மறுபடியும் எடுக்கிறவர்கள் ஏராளம்.

படி 2: தடுப்பூசித் தாள்களைத் தேடி எடுங்கள்

நேர்காணலுக்குக் கூப்பிட்ட அன்றே இதை ஆரம்பிக்கலாம். குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டை, படித்த கல்லூரியின் மருத்துவக் கோப்பு, முன்பு வேலை பார்த்த இடத்தின் பதிவு, குடும்ப மருத்துவரின் குறிப்பு என எல்லா இடத்திலும் தேடுங்கள். "சின்ன வயசிலே எல்லா ஊசியும் போட்டாச்சு என்று அம்மா சொன்னார்கள்" என்பதை எந்த மருத்துவமனையும் ஏற்காது. தேதியும், போட்டவரின் கையெழுத்தோ முத்திரையோ உள்ள தாள் வேண்டும்.

நோயாளிகளோடு பழகும் வேலைக்குப் பெரும்பாலும் கேட்பவை இவை: கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் பி; தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்த எம்.எம்.ஆர்.; சின்னம்மை; டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் மூன்றுக்கும் சேர்த்த டிடாப்; ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசி. டெட்டனஸ் பூஸ்டர் 10 ஆண்டுக்கு ஒரு முறை என்பது பொது வழக்கம்.

எம்.எம்.ஆர். இரண்டு தவணை, இடையில் குறைந்தது 28 நாள். இரண்டு தவணைக்கும் தாள் இருந்தால், தட்டம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் தேட வேண்டியதில்லை. தாளே போதிய சான்று. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் வழிகாட்டலில், இரண்டு தவணைக்கான பதிவு இருந்தும் ரத்தச் சோதனையில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று வந்தால், பதிவைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். தாள் இல்லாதவர்களுக்குத்தான் ரத்தச் சோதனை உதவும். அதிலும் இல்லை என்று வந்தால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சின்னம்மையும் இப்படித்தான். முன்பு சின்னம்மை வந்ததை மருத்துவர் பார்த்து உறுதிசெய்த குறிப்பு, இரண்டு தவணை ஊசிக்கான பதிவு, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருப்பதற்கான அறிக்கை, இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். ஊசி என்றால் இரண்டு தவணைக்கும் இடையில் குறைந்தது 4 வாரம்.

எம்.எம்.ஆர்., சின்னம்மை இரண்டும் உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட வைரஸைக் கொண்டு செய்தவை. கர்ப்பமாக இருப்பவர் போடக்கூடாது. போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பமாக இருந்து ரூபெல்லா எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் ஊசியைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொண்டு, அதுவரை தொற்று அபாயம் குறைந்த பிரிவில் வேலை கேட்கலாம். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த ஊசிகளைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

படி 3: ஹெபடைடிஸ் பி-க்குத் தனிக் கவனம்

எல்லா ஊசியிலும் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். இந்த வைரஸ் உலர்ந்த ரத்தத்துளியில்கூட 7 நாள் வரை உயிரோடு இருக்கும். தடுப்பூசி போடாத ஒருவருக்கு, தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் நோய் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. எச்.ஐ.வி.க்கு இதே கணக்கு ஆயிரத்துக்கு 3 அளவுதான். நிறையப் பேர் எச்.ஐ.வி.க்குப் பயப்படுகிறார்கள், ஹெபடைடிஸ் பி-யை மறந்துவிடுகிறார்கள். துப்புரவுப் பணியாளர்களும் சலவைப் பிரிவினரும் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மூடாமல் போட்ட ஊசி குப்பைப் பையிலும் துணி மூட்டையிலும் இருந்துதான் குத்துகிறது.

வழக்கமான முறையில் மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, முதல் ஊசியிலிருந்து 6 மாதம் கழித்து. நடுவில் ஒரு தவணை தவறியிருந்தால் பயப்பட வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. மூன்றும் முடியும்வரை காத்திருக்கச் சொல்லாமல், முதல் தவணை போட்டதற்கான சான்றையும் அடுத்த தேதிகளையும் வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனைகள் பல உண்டு.

எம்.எம்.ஆர். விஷயத்தில் தாள் போதும் என்றேன். இங்கே போதாது. ஊசி உடம்பில் பிடித்திருக்கிறதா என்று எதிர்ப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும். இதை டைட்டர் என்பார்கள். கடைசித் தவணை முடிந்து 1 முதல் 2 மாதத்துக்குள் பார்த்து, மில்லி லிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆண்டுகள் போகப்போக அந்த எண் இறங்கும், ஆனால் ஒரு முறை 10-ஐத் தொட்டுவிட்ட ஆரோக்கியமான உடம்பில் பாதுகாப்பு நிலைத்திருக்கும். பழைய அறிக்கை தொலைந்து, இப்போது எடுத்தால் 4 என்று வந்தால், ஒரு ஊசி கூடுதலாகப் போட்டு 1 முதல் 2 மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். பெரும்பாலும் அதிலேயே எண் ஏறிவிடும்.

ஆரோக்கியமானவர்களிலும் சிலருக்கு மூன்று தவணை போட்டும் எண் ஏறாது. 40 வயதுக்கு மேல், உடல் பருமன், புகைப்பழக்கம் இருந்தால் இது கூடுதல். அவர்களுக்கு இரண்டாவது முறை முழுத் தொடரும் போடுவார்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் வேலை போய்விடாது. ஊசி குத்தினால் உடனே இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியைத் தர வேண்டியவர் என்று கோப்பில் குறித்துக்கொள்வார்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹெபடைடிஸ் பி தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் மேற்பரப்பு ஆன்டிஜென் சோதனையை ஊசி போட்ட கையோடு எடுக்காதீர்கள். ஆன்டிஜென் என்பது இங்கே வைரஸின் மேற்பரப்பில் உள்ள புரதம், ஊசியில் இருப்பதே அதுதான். அது ரத்தத்தில் 18 நாள் வரை தென்பட்டு, நோயே இல்லாதவரை நோயாளியாகக் காட்டிவிடலாம். ரத்தம் முதலில், ஊசி பிறகு.

படி 4: காசநோய்ச் சோதனையை ஊசிகளுக்கு முன்னால் வையுங்கள்

தேதி தள்ளிப்போவது அதிகமும் இந்த இடத்தில்தான். உயிருள்ள வைரஸ் தடுப்பூசி சில வாரங்களுக்குக் காசநோய்ச் சோதனையின் பதிலை மங்கச் செய்யும். எம்.எம்.ஆர். அல்லது சின்னம்மை ஊசியை இன்று போட்டுவிட்டு நாளை மறுநாள் காசநோய்ச் சோதனைக்குப் போனால், குறைந்தது 4 வாரம் கழித்து வரச் சொல்வார்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம். சோதனையை முடித்துவிட்டு ஊசி போடலாம். ஊசி முதலில், சோதனை பிறகு என்றால் மட்டும்தான் சிக்கல்.

எம்.எம்.ஆர். ஊசியும் சின்னம்மை ஊசியும் தங்களுக்குள்ளும் இப்படித்தான். ஒரே நாளில் இரண்டு கையிலும் போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் 28 நாள் இடைவெளி வேண்டும்.

ஆக, எல்லாமே பாக்கியாக இருக்கும் ஒருவருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதல் நாள், எல்லா ரத்தச் சோதனைகளுக்கும் ரத்தம் கொடுங்கள், காசநோய்ச் சோதனையையும் அன்றே ஆரம்பியுங்கள், ரத்தம் எடுத்த பிறகு ஹெபடைடிஸ் பி முதல் தவணையைப் போட்டுக்கொள்ளுங்கள். காசநோய்ச் சோதனை முழுதாக முடிந்ததும், ரத்த அறிக்கையில் எது இல்லை என்று வந்ததோ அந்த உயிருள்ள ஊசிகளை ஒரே நாளில் போடுங்கள். நாலு வாரம் கழித்து அவற்றின் இரண்டாம் தவணையும் ஹெபடைடிஸ் பி இரண்டாம் தவணையும் ஏறக்குறைய ஒன்றாக வந்துவிடும்.

காசநோய்ச் சோதனையில் இரண்டு வகை. ஒன்று, கையில் போடும் மான்டூ சோதனை. முன்கையின் உட்புறத்தில், தோலுக்குள்ளேயே நிற்கும்படி 0.1 மி.லி. மருந்தை ஏற்றுவார்கள். கொப்புளம் மாதிரி ஒரு சின்ன மேடு எழும்பி, கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். படிக்கிறவர் முதலில் விரலால் தடவித் தடிப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்ப்பார். பேனா முனையை வெளியிலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டு வந்து, அது தட்டி நிற்கும் இடத்தில் கோடு போடுவார். எதிர்ப் பக்கத்திலும் அப்படியே. இரண்டு கோட்டுக்கும் நடுவில், கையின் குறுக்காக, மில்லிமீட்டர் அளவுகோலை வைத்து அளப்பார். சிவப்பு எவ்வளவு பரவியிருந்தாலும் கணக்கில்லை, தடிப்பு மட்டும்தான் கணக்கு. அதனால் அரிக்கிறது என்று சொறியாதீர்கள், களிம்பு தடவாதீர்கள், மேலே பிளாஸ்திரி ஒட்டாதீர்கள். ஊசி போட்ட இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் விடுமுறையில் விழுமா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 72 மணி தாண்டினால் மறுபடியும் ஊசிதான்.

தடிப்பின் அளவுக்கு ஆளைப் பொறுத்துப் பொருள் மாறும். எச்.ஐ.வி. உள்ளவருக்கோ காசநோயாளியோடு அண்மையில் நெருங்கிப் பழகியவருக்கோ 5 மி.மீ. தடிப்பே தொற்று இருப்பதாக எடுத்துக்கொள்ளப் போதும். ஆபத்துக்கான காரணம் எதுவுமே இல்லாதவருக்கு 15 மி.மீ. வரை விடுவார்கள். மற்றவர்களுக்கு நடுவில் 10. உங்கள் எண்ணை வைத்து நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

சில இடங்களில் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து இரண்டாவது முறையும் இதே ஊசியைப் போடுவார்கள். சந்தேகப்பட்டுச் செய்வதில்லை. எப்போதோ தொற்றிய கிருமியை உடம்பு மறந்திருக்கலாம். முதல் ஊசி அந்த நினைவைத் தட்டி எழுப்பும், இரண்டாவதில்தான் தடிப்பு வரும். இதை இப்போதே தெரிந்துகொள்ளாவிட்டால், அடுத்த ஆண்டுச் சோதனையில் தடிப்பு வரும்போது "மருத்துவமனையில்தான் தொற்றியது" என்ற தப்பான முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

இன்னொரு வகை, இக்ரா எனப்படும் ரத்தச் சோதனை. ஒரே முறை போனால் போதும். குழந்தைப் பருவத்தில் போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியால் இதன் முடிவு மாறாது. மான்டூவில் மாறலாம். பி.சி.ஜி. போட்டவர் என்றால், இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ரத்தச் சோதனையைத் தேர்ந்தெடுங்கள்.

பாசிட்டிவ் என்று வந்தால்? இதைக் கேட்டுக் கண் கலங்கி உட்கார்ந்தவர்களோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். பாசிட்டிவ் என்றால் கிருமி எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்றுதான் பொருள். நெஞ்சு எக்ஸ்ரே சரியாக இருந்து, இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத எடைக்குறைவு எதுவும் இல்லை என்றால் அது உறங்கும் தொற்று. அது யாருக்கும் பரவாது, வேலையில் சேரலாம். பின்னாளில் நோயாக மாறாமலிருக்கச் சில மாத மருந்து தருவார்கள், சாப்பிட்டுவிடுவது நல்லது. முன்பே ஒரு முறை பாசிட்டிவ் வந்தவர் அந்த அறிக்கையையும் எக்ஸ்ரே அறிக்கையையும் கொண்டு போக வேண்டும். அவருக்கு மறுபடி மான்டூ போடத் தேவையில்லை.

படி 5: கேள்வித்தாளை உண்மையாக நிரப்புங்கள்

பழைய நோய்கள், அறுவை சிகிச்சைகள், மருந்துகள், ஒவ்வாமை, மனநலம், முதுகுவலி, தோல் நோய் என நீளமாகக் கேட்பார்கள். மறைக்கத் தோன்றும். மறைக்காதீர்கள். நோயைச் சொன்னால் அதற்கு ஏற்றபடி வேலையை மாற்றித் தர வழி உண்டு. மறைத்தது பின்னால் தெரியவந்தால் நோயை விட்டுவிட்டுப் பொய்யைத்தான் பேசுவார்கள்.

உண்மையை எப்படி எழுதுவது என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "ஆஸ்துமா: ஆம்" என்று மட்டும் எழுதிவிட்டு வந்தால் படிக்கிறவர் மோசமானதைத்தான் கற்பனை செய்வார். இப்படி எழுதிப் பாருங்கள்: "2016-ல் ஆஸ்துமா கண்டறியப்பட்டது. தினம் இரண்டு வேளை இன்ஹேலர். 2021-க்குப் பிறகு மருத்துவமனையில் சேர வேண்டி வரவில்லை. முன்பிருந்த வேலையில் இரவுப் பணி பார்த்திருக்கிறேன்." எப்போது வந்தது, என்ன சிகிச்சை, இப்போது எப்படி இருக்கிறது, வேலையில் என்ன செய்ய முடிகிறது. நாலு வரியில் எல்லாம் வந்துவிட்டது. மன அழுத்தம், வலிப்பு, சர்க்கரை நோய் எதுவானாலும் இதே வடிவம் பொருந்தும்.

நீண்டகால நோய் இருந்தால் உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, மருந்தால் தூக்கமோ தலைச்சுற்றலோ வருமா, வேலையில் என்ன மாற்றம் வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர் வேலை நடுவே சாப்பிட இடைவேளை வேண்டும் என்று கேட்பதும், வலிப்பு உள்ளவர் தொடர் இரவுப் பணி வேண்டாம் என்று கேட்பதும் நியாயமானவை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் கேட்பதும் எளிது.

கைத்தோலைப் பற்றிக் கொஞ்சம். மருத்துவமனையில் ஒரு ஷிஃப்டில் எண்ணற்ற முறை கை கழுவ வேண்டும். விரலிடுக்கில் வெடிப்போ அரிப்போ இருந்தால் பரிசோதனைக்குச் சில வாரம் முன்பே தோல் மருத்துவரைப் பாருங்கள். வெடிப்பு கிருமி நுழையும் வழி, கிருமி தங்கும் இடமும் அதுதான். ரப்பர் கையுறையோ பலூனோ பட்டால் அரிப்பு, மூச்சுத்திணறல் வருகிறதா? வாழைப்பழம், அவகாடோ, கிவி சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா? லேட்டக்ஸ் எனும் இயற்கை ரப்பர் ஒவ்வாமையோடு சேர்ந்து வருகிற பழங்கள் அவை. கட்டாயம் எழுதுங்கள். லேட்டக்ஸ் இல்லாத நைட்ரைல் கையுறை கொடுப்பார்கள்.

எச்.ஐ.வி. பற்றி ஒரு வார்த்தை. வேலை தேடுகிறவர்களிடமோ வேலை பார்ப்பவர்களிடமோ எச்.ஐ.வி. சோதனையைக் கட்டாயமாகக் கேட்கக்கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2010-ஆம் ஆண்டுப் பரிந்துரை எண் 200-ன் நிலைப்பாடு. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். உடம்பின் உள்ளே கையை விட்டு, கூரிய கருவியோடு அறுவை செய்யும் சில பணிகளுக்கு மட்டும் தனி விதிகள் வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. கேட்டால், எதற்காக, முடிவு யார் கைக்குப் போகும் என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 6: கடைசி ஒரு வாரம்

ரத்த அழுத்தம் கூடுதலாக வந்து திரும்பவும் வரச் சொல்வது வாடிக்கை. வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே ஏறுகிற ரத்த அழுத்தம் நிறையப் பேருக்கு உண்டு. உங்களுக்கும் அப்படியென்றால், ஒரு வாரம் வீட்டிலேயே காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை அளந்து, தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள். அளக்கும் முறை முக்கியம். அரை மணி முன்பிருந்து காபி, டீ, சிகரெட், ஓட்டம் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் தரையில் படும்படி, குறுக்கே போடாமல், 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதயத்தின் உயரத்தில் ஏதாவதொன்றின் மேல் தாங்கி இருக்கட்டும். பரிசோதனை அறையிலும் இதே ஐந்து நிமிடத்தைக் கேட்டு வாங்கலாம். படி ஏறி மூச்சு வாங்க வந்தவுடன் பட்டையைச் சுற்றினால், "கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எடுக்கலாமா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

கடைசி இரண்டு நாள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீரில் புரதமும் ரத்தமும், ரத்தத்தில் கல்லீரல் நொதிகளும் கூடிக் காட்டும். மதுவும் வேண்டாம். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள், சில ரத்தச் சோதனைகளின் முடிவை அது மாற்றும். மாதவிடாய் நாட்களில் சிறுநீர்ச் சோதனை விழுந்தால் தேதி மாற்றிக் கேளுங்கள், முடியாவிட்டால் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

போதைப்பொருள் சோதனை உண்டு என்றால், கடந்த சில வாரங்களில் சாப்பிட்ட எல்லா மருந்தையும் எழுதி, மருந்துச் சீட்டோடு போங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து ஓபியம் வகையாகவே காட்டும். மூக்கடைப்புக்குச் சாப்பிடும் சூடோஎஃபெட்ரின் முதல்கட்டச் சோதனையில் ஆம்ஃபெட்டமின் போலத் தோன்றலாம். கசகசாவிலும் மார்ஃபின் துளி அளவு உண்டு, சில நாள் தவிர்த்துவிடுங்கள். முதல்கட்டத்தில் ஏதாவது தென்பட்டால் நுட்பமான இரண்டாவது சோதனையைக் கேளுங்கள், அதில்தான் உண்மை தெரியும். லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகாதீர்கள். சிறுநீர் நீர்த்துப் போனால் ஆய்வகம் கண்டுபிடித்து மறுபடி கேட்கும், தேவையில்லாத சந்தேகமும் வரும்.

படி 7: பரிசோதனை நாள்

வெறும் வயிறு என்றால் சர்க்கரைக்குக் குறைந்தது 8 மணி நேரம், கொழுப்புக்கு 9 முதல் 12 மணி. வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடித்தால் நரம்பு கிடைப்பதும் எளிது. ரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போலச் சாப்பிடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் முன்பே கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் அப்படியில்லை. சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவீர்கள். அவருடைய சொல்படிதான் செய்ய வேண்டும். கையில் கொஞ்சம் சாப்பாடு வைத்திருங்கள்.

இரவுப் பணி முடித்த கையோடு வராதீர்கள். வேறு வழியில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். முழங்கைக்கு மேல் ஏற்றக்கூடிய சட்டை போடுங்கள். இ.சி.ஜி. உண்டு என்றால் நெஞ்சில் எண்ணெய், லோஷன் தடவ வேண்டாம். கண்ணாடி, காது கேட்கும் கருவி கட்டாயம் எடுத்துப் போங்கள். படிக்க ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்றால் இரண்டையும். காது சோதனைக்கு முந்தைய நாள் இரைச்சலான இடத்தில் இருக்காதீர்கள், இயர்போனுக்கும் ஓய்வு கொடுங்கள். எக்ஸ்ரேக்கு முன் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டென்றால் யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

ரத்தம் எடுக்கும்போது மயக்கம் வருகிறவரா? உட்காரும் முன்பே சொல்லிவிட்டால் படுக்க வைத்து எடுப்பார்கள். செவிலியர் வேலைக்கு வருகிறவர்களிலேயே இப்படி உண்டு, தகுதிக்கு இதனால் ஒரு குறையும் வராது.

வண்ணப் புள்ளிகளுக்குள் எண் தேடச் சொல்வது 1917-ல் ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா வெளியிட்ட சோதனை. ஆய்வகத்தில் நிற மாற்றத்தைப் பார்த்து முடிவு சொல்லும் வேலைக்கு இது முக்கியம், மற்ற பல வேலைகளுக்கு அவ்வளவாக இல்லை. குனிதல், உட்கார்ந்து எழுதல், எடை தூக்குதல் இவற்றில் வீரம் காட்ட வேண்டாம். நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் மேல் விழும் பாரம் சுமார் 16 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. அதற்கு மேல் கருவிதான் தூக்க வேண்டும்.

என்95 முகக்கவசப் பொருத்தச் சோதனை இருந்தால் ஆண்கள் அன்று காலை முகம் மழித்து வர வேண்டும். ஒரு நாள் முள்தாடிகூடக் கவசத்தின் விளிம்பை முகத்தில் ஒட்டவிடாது. 15 நிமிடத்துக்கு முன்பிருந்து தண்ணீர் தவிர எதுவும் வாயில் போடக்கூடாது, புகையும் கூடாது. தலைக்கு மேல் ஒரு மூடியைக் கவிழ்த்து, உள்ளே இனிப்பான சாக்கரினையோ கசப்பான வேறொன்றையோ தெளிப்பார்கள். சாதாரணமாக மூச்சு விடச் சொல்வார்கள், ஆழமாக விடச் சொல்வார்கள், தலையைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசைத்து, பேசி, குனிந்து நிமிரச் சொல்வார்கள். நாக்கில் சுவை தெரிந்தால் உடனே சொல்லிவிடுங்கள். தெரிந்தும் தெரியாதது போல இருந்தால் காசநோய் வார்டில் பொருந்தாத கவசத்தோடு நிற்கப் போவது நீங்கள்தான். அந்த அளவு பொருந்தவில்லை என்றால் வேறு அளவு, வேறு மாதிரி தருவார்கள். சமய வழக்கத்தால் தாடி மழிக்க முடியாதவர், வடிகட்டிய காற்றை மோட்டாரால் உள்ளே ஊதும் தலைமூடிக் கவசம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்கலாம்.

படி 8: முடிவு வந்த பிறகு

முடிவு பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்: தகுதி, சில மாற்றங்களோடு தகுதி, தற்காலிகமாகத் தகுதி இல்லை, தகுதி இல்லை. மூன்றாவதைப் பார்த்துப் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். ரத்த அழுத்தம் இறங்கட்டும், ஹீமோகுளோபின் ஏறட்டும், இரண்டாம் தவணை ஊசி முடியட்டும் என்பதற்கு மேல் அதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எந்த எண் எவ்வளவுக்கு வர வேண்டும், மறுபரிசோதனை எப்போது என்று எழுதி வாங்கி, மனிதவளப் பிரிவுக்கும் அன்றே தெரிவியுங்கள். தகுதியில்லை என்றே வந்தால் எந்தப் பணிக்கு, எந்தக் காரணத்தால் என்று கேளுங்கள். மேல்முறையீட்டுக்கும் வேறு நிபுணரின் கருத்துக்கும் பல இடங்களில் வழி உண்டு, அதே மருத்துவமனையில் வேறு பணி கிடைக்கவும் கூடும்.

மேலாளருக்குப் போக வேண்டியது தகுதி உண்டா, என்ன மாற்றம் தேவை என்பது மட்டும். நோயின் பெயர் மருத்துவக் கோப்பிலேயே இருக்க வேண்டும். எல்லா அறிக்கைகளின் நகலையும் நீங்களும் வாங்கி, செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த வேலைக்கு இதே தாள்கள்தான் மறுபடியும் தேவைப்படும். பாக்கியிருக்கும் தவணைகளையும் டைட்டர் பார்க்க வேண்டிய தேதியையும் நாட்காட்டியில் குறியுங்கள். வேலைக்குச் சேர்ந்துவிட்டால் மூன்றாவது ஹெபடைடிஸ் பி ஊசியை மறந்துவிடுகிறார்கள்.

சேர்ந்த முதல் நாள் பணியாளர் உடல்நலப் பிரிவுக்குப் போய், ஊசி குத்தினால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், இரவில் யார் இருப்பார்கள் என்று கேட்டுச் செல்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்குவதில்லை.